சக்கரத்துக்கு அடியில் வைக்காத கட்டை

அந்தக் கட்டையை நான் விபத்துக்கு முன் வைக்கவில்லை. விபத்துக்குப் பிறகு வைத்தேன். ஆம்புலன்ஸ் எங்கள் ஃப்ளாட்டின் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் காரின் பின்பெட்டியைத் திறந்தேன். உள்ளே கிடந்த ரப்பர் மரக் கட்டையை எடுத்து, முன்சக்கரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, யாரோ இழுத்து எறிந்ததுபோலச் சாய்த்துப் போட்டேன். பிறகு அது மழையில் நனையும்வரை பக்கத்திலேயே நின்றேன். காய்ந்த கட்டை கிடந்தால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டு ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். வாகன வழக்குகளில் சாட்சிகள் தமிழில் சொன்னதை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை. ஒரு பொய் எந்த இடத்தில் உடையும் என்பதை அங்கே நின்று கற்றுக்கொண்டேன்.

கட்டை என்றால் என்ன, எதற்கு என்று இன்றைக்குக் கார் ஓட்டுகிறவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும்.

சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் தம்போயில் நாங்கள் குடியிருந்த ஃப்ளாட் ஐந்து மாடி. லிஃப்ட் கிடையாது. கட்டியவர்கள் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். நாங்கள் குடிபோன சில ஆண்டுகளிலேயே வீட்டுக்கு ஒரு கார் வந்துவிட்டது, சில வீடுகளுக்கு இரண்டு. கோடு போட்ட இடங்கள் நிரம்பிய பிறகு வருகிறவர், அந்த வரிசையில் நிற்கும் கார்களின் பின்புறத்தை மறித்து, பாதையோடு நீளவாக்கில் இரண்டாவது வரிசையாக நிறுத்துவார். அப்படி நிறுத்துகிறவர் கியரை விடுவிக்க வேண்டும், ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும், சக்கரத்தை நேராக வைக்க வேண்டும். 'ஃப்ரீ கியர்' என்று எல்லா இனத்தவரும் சொல்வோம். உள்ளே இருப்பவர் வெளியே போக வேண்டுமானால் மறித்து நிற்கும் காரை முன்னாலோ பின்னாலோ தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு போவார். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மறந்துபோய் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனவரைப் பற்றி அன்று மாலைக்குள் மூன்று மொழிகளில் பேசி முடித்துவிடுவார்கள்.

எங்கள் பிளாக்கின் முன்பாதை மட்டும் குப்பைக் கொட்டகையை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். பார்த்தால் தெரியாது. மழைத் தண்ணீர் ஓடும்போதுதான் தெரியும். அந்தப் பக்கம் நிறுத்துகிறவர் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையோ செங்கல்லோ வைக்க வேண்டும். தள்ளுகிறவர் அதை எடுத்துவிட்டுத் தள்ளி, திரும்ப வைக்க வேண்டும். மேட்டை நோக்கி ஒருவராகத் தள்ளக் கூடாது, இன்னோர் ஆளைக் கூப்பிட வேண்டும். யாரும் எழுதி ஒட்டாத விதிகள் இவை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மேல் மாடியில் இருந்தவர் கொள்கலன் லோரி ஓட்டுநர். கெலாங் பாத்தா பக்கத்துத் துறைமுகத்திலிருந்து கிடங்குகளுக்குப் பெட்டி ஏற்றிப் போவார். என்னைவிட ஏறக்குறைய பத்து வயது இளையவர். ஒருமுறை என் கார் பழுதாகி கெலாங் பாத்தாவில் நின்றபோது அவருடைய லோரியில் ஏறி வந்தேன். தனக்கு முன்னால், கண்ணாடியை ஒட்டிய தட்டில் மூடியில்லாத தண்ணீர்க் கோப்பை ஒன்றை வைத்திருந்தார். வழியில் எத்தனையோ தடவை கியர் மாற்றினார். தம்போய் வரும்வரை அந்தக் கோப்பையிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. அவருடைய இடது கால் கிளட்சை விடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. வெளிக்குக் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் அந்தக் கால்தான் அவருடைய பெருமை. மூன்று தடவை புதிய ஓட்டுநர்களுக்குத் துணையாகப் போகச் சொல்லி நிறுவனம் அவரை அனுப்பியதாக அவருடைய மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் எனக்கு ஓர் ஆட்டோ கார், கிளட்ச் இல்லாமல் கியர் தானாக மாறும் கார், வாங்கிக் கொடுத்தான். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து எனக்கு முட்டி வலி வந்திருந்தது. மேல்மாடிக்காரர் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"என்னா சார், நம்ம ஃப்ளாட்டுக்குத்தான் லிஃப்ட் இல்ல. உங்களுக்கு மட்டும் வந்துருச்சு. ஏறி உக்காந்து தட்டிவிட்டா போயிடும்."

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கும் அதே எண்ணம்தான். முப்பது ஆண்டுகளாக மேனுவல் ஓட்டியவன், ஆட்டோ ஓட்டுகிறவர்களை ஓட்டுநர்களாகவே மதித்ததில்லை.

அந்தக் காரில் ஒரு சிக்கல் இருந்தது. நிறுத்தும் நிலையில் கியர் இருந்தால்தான் சாவி வெளியே வரும், அந்த நிலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பத்துப் பேர் சேர்ந்தாலும் தள்ள முடியாது. முதல் வாரமே இரண்டு பேர் என் கதவைத் தட்டி, கீழே வந்து காரை எடுக்கச் சொன்னார்கள். மேல்மாடிக்காரர்தான் வழி காட்டினார். கியர் கோலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் பொத்தானைச் சாவி முனையால் அழுத்திக்கொண்டு, கோலை நடுநிலைக்கு இழுக்க வேண்டும். கார் அணைந்திருந்தாலும் சக்கரம் விடுபட்டுவிடும். "இப்ப உங்க காரும் ஊரோட சேந்துருச்சு லா, சார்," என்றார்.

சேர்ந்தது. ஆனால் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. மேனுவல் காரில் கியரை எடுத்த பிறகு பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்பேன். கார் நிற்கிறதா, ஓடப் பார்க்கிறதா என்பது காலுக்கே தெரிந்துவிடும். புதிய காரில் அந்த வேலையெல்லாம் கைக்கு வந்துவிட்டது. சாவியை எடுத்து, பொத்தானை அழுத்தி, கோலை இழுக்கும்போது என் கால்கள் சும்மா இருந்தன. சில நாள்களில் ஒரு கால் கதவுக்கு வெளியே இருக்கும்.

அன்று சனிக்கிழமை, மதியம். ஒரு கல்யாண விருந்து முடிந்து திரும்பினோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பட்டுச் சேலை நனையாமல் என் மனைவியைப் படிக்கட்டில் இறக்கிவிட்டு இடம் தேடினேன். சரிவுப் பக்கத்தில் மட்டும் இரண்டாவது வரிசையில் ஓர் இடம் இருந்தது. நிறுத்தினேன். பட்டு வேட்டி சேற்றில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை வெளியே வைத்துக்கொண்டே மறு கையாலேயே பொத்தானை அழுத்திக் கோலை இழுத்தேன்.

கார் நகர்ந்தது. ஒரு சாண் தூரம் இருக்கும். சாலையில் தார் போட்டு ஒட்டுப்போட்ட இடத்தில் முன்சக்கரம் முட்டி நின்றது.

அது நகர்ந்ததை நான் பார்த்தேன். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. தெரியாமல் நடந்தது அல்ல. நகர்ந்தது, பார்த்தேன், நின்றது, அதையும் பார்த்தேன். கட்டை பின்பெட்டியில் இருந்தது. நான்கு எட்டு நடந்து அதை எடுத்திருக்கலாம். தூறல் பெருமழையாக மாறிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டதே என்று நினைத்து மாடிக்கு ஓடிவிட்டேன்.

அரை மணி நேரத்துக்குள் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. உலோகம் மோதும் சத்தம், பெரிதாக இல்லை. அதற்குப் பிறகு ஒரு குரல்.

"சார்... காரு. சார், உங்க காரு."

மேல்மாடிக்காரர். அலறவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் வந்தால் சரியாகிவிடும் என்பதுபோல என்னைத்தான் கூப்பிட்டார்.

அவருடைய கார் உள்வரிசையில், என் கார் பாதி மறித்திருந்த இடத்தில் இருந்தது. வேலைக்குப் போகும் முன், பின்பெட்டியில் இருந்த வேலைக் காலணியை எடுக்கக் குனிந்திருக்கிறார். என் கார் எதனால் மறுபடி நகர்ந்தது என்பது இன்றுவரை தெரியாது. ஓடிய தண்ணீராக இருக்கலாம். தார் ஒட்டைத் தாண்டிச் சத்தமில்லாமல் இறங்கி வந்து, அவரை இடப்பக்கத்திலிருந்து அழுத்தியிருக்கிறது. வலது காலை இழுத்துக்கொண்டார். இடது முட்டி, என் காருக்கும் கீழே நின்ற இன்னொரு காரின் பம்பருக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது. ஐந்து பேர் சேர்ந்து என் காரை மேலே தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினோம். நானும் தள்ளினேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவரை ஏற்றும்போது கீழ்வீட்டு மலாய்க்காரர் என்னிடம் மலாயில், கட்டை வைக்கவில்லையா என்று கேட்டார். குற்றம் சாட்டும் தொனி இல்லை, வெறும் கேள்விதான்.

வைத்தேன் என்றேன். ஒரே சொல். அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்துச் சொல்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு ஆம்புலன்ஸ் புறப்பட்டது. பிறகு நான் செய்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கட்டை ஈரமாக ஓரத்தில் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மாலைக்குள் ஃப்ளாட் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது, மழை வேறு, அவசரத்தில் கட்டையை இழுத்துப் போட்டுவிட்டு, மேட்டை நோக்கித் தனியாகத் தள்ளியிருக்கிறார், கார் திரும்பி அவர்மேலேயே வந்துவிட்டது. அவர் அகப்பட்ட இடமும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. போலீஸ் நிலையத்தில் என் வாக்குமூலமும் அதற்கு இடம் கொடுத்தது. அவர் தள்ளினார் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கட்டை வைத்தேன் என்று மட்டும்தான் சொன்னேன். மற்றதை எல்லாம் மற்றவர்கள் சொன்னார்கள்.

முட்டியில் மூன்று அறுவை சிகிச்சை. அவர் வேலை செய்த நிறுவனம் முதலில் நல்லபடியாகவே நடந்துகொண்டது. கால் தேறும்வரை அவருடைய லோரியை வைத்திருப்பதாகவும், அதுவரை கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகவும் சொன்னார்கள். ஆனால் விபத்து எப்படி நடந்தது என்று எழுத்து மூலம் விளக்கம் வேண்டும் என்றார்கள். மேட்டில் தனியாகக் காரைத் தள்ளுகிறவரிடம் நாற்பது டன் வண்டியைக் கொடுப்பது எப்படி என்று மேலாளர் கேட்டாராம்.

விளக்கம் எழுத அவர் என்னைக் கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவார்? அந்த ஃப்ளாட்டில் மூன்று மொழியிலும் எழுதத் தெரிந்தவன் நான்தான்.

கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலுக்கு வெளியே இரும்புக் கம்பிகள் தெரிந்தன. அவருடைய மனைவி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தார்.

"நான் தள்ளலன்னு நல்லா அழுத்தி எழுதுங்க சார். கோர்ட்டுல எழுதுவீங்கல்ல, அந்த மாதிரி."

எழுதினேன்.

"கட்டையையும் நான் தொடல. வேற யாராச்சும் எடுத்துட்டு வைக்க மறந்துருப்பாங்க. யாரு மேலயும் பழி போட வேணாம். எனக்குத் தெரியலன்னு மட்டும் எழுதுங்க."

நான் கட்டை வைத்தேன் என்பதை அவர் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. அப்போது அவருடைய மனைவி என்னைப் பார்த்துப் பேசினார்.

"எழுதி என்னா சார் ஆகப் போவுது. இவருக்கு எப்பவும் அவசரம். கட்டைய எடுத்துட்டுத் தள்ளிட்டாரு. இப்ப கேட்டா இல்லங்கறாரு. எங்கிட்டயாச்சும் உண்மையச் சொல்லலாமுல்ல?"

அவர் மனைவியை விட்டு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். நான் பேனாவின் மூடியைத் திருகி மூடினேன். கடிதத்தை இரண்டு மொழியில் வாசித்துக் காட்டி, தமிழில் பொருள் சொல்லி, கையெழுத்து வாங்கினேன். நான் மொழிபெயர்த்த எத்தனையோ வாக்குமூலங்களில் அது ஒன்றுதான் முழுக்க உண்மை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனோடு போலீஸ் அறிக்கையின் நகலும் போனது. அதில் என் ஒரு சொல் இருந்தது. நிறுவனம் அந்தச் சொல்லை நம்பியது. இரண்டு வாரத்தில் அவருடைய லோரி வேறொருவருக்குப் போயிற்று, கிடங்கு வேலையும் இல்லை என்றார்கள்.

அப்போதே நான் சொல்லியிருந்தால் அவருக்குக் கிடங்கு வேலையும் நல்ல பெயரும் மிஞ்சியிருக்கும். அவருடைய வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்திருக்கும்.

பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முட்டி சரியாக மடங்கவில்லை, முட்டிக்குக் கீழே தொட்டால் தெரியாது. ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியாகச் சேர்ந்தார். விடியற்காலையிலும் மாலையிலும் அவர் படியில் இறங்கி ஏறும் சத்தம் எனக்குக் கேட்கும். ஒரு கால் தட்டும், ஒரு கால் இழுபடும். என் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நிற்பார். அந்த நேரங்களில் நான் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன், ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் மனைவி இருந்தவரை மாதத்தில் இரண்டு முறையாவது அவர்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்தனுப்புவார். நல்ல மனுஷர், ஒரு நிமிஷ அவசரத்தில் கெடுத்துக்கொண்டாரே என்பார். அப்படி நினைத்தபடியே இறந்தும் போனார்.

இதற்கிடையில் ஆட்டோ கார்கள் பெருகிவிட்டன. தெரிந்த பிள்ளைகள் ஆட்டோவுக்கு மட்டும் உரிமம் எடுத்தார்கள். கிளட்ச் எந்தக் காலுக்கு என்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டது. பிறகு ஒருநாள், சிறிய போக்குவரத்து நிறுவனம் நடத்தும் பழைய நண்பர் ஒருவர் தன் புதிய லோரிகளைப் பற்றிச் சொன்னார். பெரிய கொள்கலன் லோரிகள், கிளட்ச் மிதியே கிடையாது, இரண்டு மிதிதான், இரண்டையும் வலது காலாலேயே மிதிக்கலாம். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பாவத்தை ஒப்புக்கொள்ளாமலே தீர்த்துவிட ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

நண்பரிடம் கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வளாகத்துக்குள் மட்டும் ஓட்டிக் காட்டட்டும், சரியாக வந்தால் மருத்துவச் சான்றுக்கும் உரிமத்துக்கும் பிறகு பார்க்கலாம் என்றார். மேல்மாடிக்காரரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். லோரிக்கும் லிஃப்ட் வந்துருச்சா சார் என்றார். இரண்டு நாள் கழித்து என் வாசலில் நின்றபோது, எப்போது போகலாம் என்று கேட்டார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். பழைய உரிம அட்டை சட்டைப் பையில் இருந்தது.

வளாகம் கெலாங் பாத்தாவுக்கு அப்பால். ஏணியில் ஏறுவதற்கு நேரமானது, யாரையும் கை கொடுக்க விடவில்லை. இருக்கையைச் சரிசெய்தார், கண்ணாடிகளைச் சரிசெய்தார். வண்டி நகர்ந்தது. முதல் சுற்று மெதுவாகப் போனார். இரண்டாவது சுற்றில் அவருடைய தோள்கள் தளர்ந்ததைக் கீழிருந்தே பார்த்தேன். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. நண்பர் கையை உயர்த்தி, வேகத்தைக் குறைத்து வளைவில் திரும்பும்படி காட்டினார்.

வேகம் குறைந்தது. கியர் இறக்க வேண்டிய அந்த இடத்தில், அவருடைய இடது கால் தானாக எழுந்தது. பதினோரு ஆண்டுகளாகச் சரியாக மடங்காத, கீழே உணர்ச்சியில்லாத அந்தக் கால், கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கைக் கடைசிவரை மிதித்தது. மிதித்தது அவருக்கே தெரியவில்லை. லோரி நின்ற விதத்தில் பின்னால் இருந்த வெறும் பெட்டி அதிர்ந்தது. அவருடைய நெற்றி ஸ்டீயரிங்கில் மோதியது. மறுபடி ஓட்டினார். அதே இடத்தில் அதே கால் எழுந்தது. மூன்றாவது முறை நண்பர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்வதற்குள் அவரே எஞ்சினை அணைத்துவிட்டார்.

என் காரில் திரும்பி வந்தோம். ஃப்ளாட்டுக்கு வந்து நிறுத்திய பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் மறந்துருச்சு சார். கால் மட்டும் மறக்கல."

அப்போதுதான் சொன்னேன். அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை. கட்டை வைக்கவில்லை, கார் நகர்ந்ததைப் பார்த்தேன், பிறகுதான் கட்டையைப் போட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்து, அவர் அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அன்னைக்குக் கடிதாசி எழுதுறப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டினார். கதவைத் திறந்து இறங்கினார். குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்: "எங்கிட்ட சொல்லி என்ன பண்றது. நான் தள்ளலன்னு எனக்குத் தெரியும். மத்தவங்ககிட்ட சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு குடியிருப்பாளர் கூட்டம். கீழ்த்தள மண்டபத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர்கூட இல்லை. கீழ்வீட்டு மலாய்க்காரர் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், மற்றவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், பலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேல்மாடிக்காரரும் அவருடைய மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் நிலையத்துக்கு முந்தின நாளே போய் எழுதிக் கொடுத்துவிட்டேன், அதன் நகல் என் கையில் இருந்தது. அதை மலாயில் வாசித்தேன், பிறகு தமிழில் சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு தமிழ் இளைஞர் மட்டும் மரியாதையாகக் கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும் சார், எனக்கு வெளங்கல. அவர் ஏன் உங்க கார தள்ளப் போறாரு?"

விளக்கினேன். இரண்டாவது வரிசை, ஃப்ரீ கியர், கட்டை, மேட்டில் தனியாகத் தள்ளக் கூடாது என்பது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஆனால் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பக்கத்தில் இருந்தவர், இப்போதெல்லாம் ஹேண்ட்பிரேக்கே பொத்தான்தானே, வண்டி தானாகப் பூட்டிக்கொள்ளுமே என்று அவரிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது. அவர்களுக்கு அவர்மேல் ஒரு பழி இருந்ததே தெரியாது. இல்லாத பழியை நான் எப்படி நீக்குவது? தலைவர் நன்றி சொல்லி, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு, வாகன அனுமதி ஸ்டிக்கர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

ஒருவருக்கு மட்டும் முழுக்க விளங்கியது. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவருடைய மனைவி என் எதிரே வந்து நின்றார். மெதுவாகத்தான் பேசினார்.

"பதினோரு வருஷம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நான் அவர நம்பல. நீங்க நம்ப விடல. அவர்கிட்ட நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் பேசுறது, சொல்லுங்க."

அடுத்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்து பெக்கான் நானாஸில் இருக்கும் மகளிடம் போய்விட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மகளும் மருமகனும் அன்னாசி வியாபாரம் செய்கிறார்கள் என்று பிறர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, பார்த்துவிட்டு வரவா என்று எனக்கே தெரியாது. வீட்டு முன்னால் ஒரு சிறிய ஆட்டோ வேன், பின்னால் அன்னாசிக் கூடைகள். அவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். அவருடைய மனைவி கதவுக்குப் பக்கத்தில் குனிந்து, பழைய சேலைத் துணி ஒன்றை அவருடைய இடது முட்டிக்கு மேலே சுற்றி, இருக்கையின் இரும்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்னாரா என்று அவரிடம் கேட்டேன்.

"பொந்தியான் சந்தை வரைக்கும் போறேன். ஏறுறீங்களா சார்?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் ஓட்டினார். நேரான சாலையில் கை அசையவே இல்லை. ஊர் எல்லையில் முதல் சமிக்ஞை விளக்கு சிவப்பானது. முன்னால் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர் வலது காலால் பிரேக்கை மெல்ல அழுத்தினார். வண்டியின் வேகம் குறையக் குறைய அவருடைய இடது தொடை எழுந்தது. துணி விறைத்தது. இருக்கைக்கடியில் இரும்பு முனகியது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொந்தியான் போய்ச் சேர்வதற்குள் இன்னும் எத்தனை விளக்குகள் இருக்கின்றன என்று நான் கேட்கவில்லை.